பாட்டில் துப்பாக்கி வெடித்தால் யாரைக் கேட்பது? ராப் பாடகரின் பொறுப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்காவது ஓர் இளைஞன் யாரையாவது சுட்டுவிட்டு, அவன் காரில் ராப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று செய்தி வந்தால் போதும், விவாதம் சூடு பிடித்துவிடும். "இந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்பார்கள் சிலர். "அது வெறும் பாட்டு, கலைஞனை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்" என்பார்கள் சிலர். இரண்டு பக்கமும் நாற்பது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சண்டை தீராததற்குக் காரணம் இருக்கிறது. இதில் இருப்பது ஒரு கேள்வி அல்ல, மூன்று. பாட்டுதான் அந்தக் குற்றத்துக்குக் காரணமா? பாடியவரைச் சட்டம் பிடிக்கலாமா? அப்படிப் பாடியது சரியா என்று அவரைக் கேட்கலாமா? மூன்றுக்கும் மூன்று விதமான பதில் உண்டு. ஒன்றுக்கான பதிலை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்றையும் பிரித்துப் பார்ப்போம். ராப் பிறந்து வளர்ந்த இடமும், இந்த வழக்குகள் பெரும்பாலும் நடந்த இடமும் அமெரிக்கா என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

துச்சாதனனும் கற்பூரமும்

முதலில் நமக்குத் தெரிந்த மேடை ஒன்றிலிருந்து தொடங்கலாம். தெருக்கூத்தில் துகிலுரிதல் வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் நேராகப் போய்ச் சேலையில் கை வைத்துவிடுவதில்லை. பல ஊர்களில் அந்த இடத்தில் ஆட்டம் கொஞ்சம் நிற்கும். கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, 'செய்வது நான் அல்ல, வேடம்' என்று காட்டிவிட்டுத்தான் காட்சி தொடரும். பார்க்கிறவர்களும் அவரைத் துச்சாதனன் என்று வைவதில்லை. விடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இங்கே ஆடுகிறவர் ஒருவர், பேசுகிற பாத்திரம் வேறு. கவிதையிலும் பாட்டிலும் 'நான்' என்று பேசுவது எழுதியவரே ஆக வேண்டியதில்லை. அது அவர் உருவாக்கிய ஓர் ஆளாக இருக்கலாம். இதைப் பாத்திரக் குரல் என்று சொல்லிக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்தச் சொல் தேவைப்படும்.

ராப் பாடகருக்கும் அதே சலுகையைக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்ததே என்று தோன்றும். முடியவில்லை. கூத்தில் கிரீடமும் அரிதாரமும் கற்பூரமும் இருக்கின்றன. ராப்பில் அவை இல்லை. இல்லாதது மட்டுமல்ல, 'இது வேடம் இல்லை, நான் வாழ்ந்ததைத்தான் பாடுகிறேன்' என்று சொல்வதுதான் அந்த இசையின் ஒரு பெரிய பிரிவுக்கு முதலீடே.

வேடம் போட்டதே தெரியாத மேடை

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய ஒரு விருந்தை ஹிப்ஹாப்பின், அதாவது ராப் இசை வளர்ந்த கலாசாரத்தின், தொடக்கமாகச் சொல்வார்கள். அது கொண்டாட்ட இசை. கறுப்பின இளைஞர்களின் வறுமை, போதை வியாபாரம், கும்பல் சண்டை, போலீஸ் அடி எல்லாவற்றையும் பச்சையாகப் பாடிய 'கேங்ஸ்டா ராப்' எண்பதுகளின் பிற்பகுதியில்தான் பெரிதாக எழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய காம்ப்டன் நகரின் என்.டபிள்யூ.ஏ. குழு 1988இல் வெளியிட்ட ஆல்பத்தில் போலீஸை நேரடியாகக் கெட்ட வார்த்தையில் திட்டும் பாட்டு ஒன்று இருந்தது. 1989 ஆகஸ்ட்டில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் உதவி இயக்குநர் ஒருவர், இந்தப் பாட்டு போலீஸ்காரர்கள் மீதான வன்முறையை ஊக்குவிக்கிறது என்று அவர்களுடைய இசை நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். தடை விதிக்கும் கடிதம் அல்ல. ஆனாலும் ஒரு பாட்டுக்காக எஃப்.பி.ஐ. தன் பெயர் பொறித்த கடிதத் தாளை எடுத்தது என்பது சாதாரண விஷயம் இல்லை.

அந்தக் குழுவினர் தங்களைத் தெருவின் செய்தியாளர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் உண்மை இருந்தது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் சூழ்ந்து நின்று அடிக்கும் வீடியோ வெளிவந்தபோது, பாட்டில் இருந்ததெல்லாம் கற்பனை இல்லை என்று நாட்டுக்கே தெரிந்தது. ஆனால் அதே ஆல்பத்தில் பெண்களைப் பற்றி இருந்த வரிகளுக்கு 'செய்தி' என்ற சமாதானம் செல்லாது. செய்தியாளர் என்ற பட்டத்தை ஒரு பாட்டுக்கு எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டில் கழற்றி வைக்கிறார்கள் என்பது என் புகார்.

வேடம் எவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ரிக் ராஸ் ஒருவரே போதும். போதை மருந்து சாம்ராஜ்யத்தின் தலைவனாகத் தன்னைப் பாடியவர். அவருடைய மேடைப் பெயரே எண்பதுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் பெற்ற ஓர் உண்மையான போதை வியாபாரியின் பெயர். 2008இல் ஓர் இணையதளம் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்தது. இந்தப் பாடகர் இளவயதில் புளோரிடாவில் சிறைக் காவலராகச் சம்பளம் வாங்கியவர்! முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கைதிகளைப் பூட்டி வைக்கும் வேலையில் இருந்தவர் கடத்தல்காரனாகப் பாடினார் என்றால், அது பாத்திரக் குரல் அல்லாமல் வேறென்ன? உண்மையான ரிக் ராஸ் சிறையிலிருந்து வெளியே வந்து, என் பெயரைத் திருடிவிட்டார் என்று வழக்குப் போட்டார். 2013இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் பாடகர் பக்கமே நின்றது: அவர் வெறும் பெயர்த் திருடர் இல்லை, அந்தப் பெயரையும் கதையையும் மூலப்பொருளாக வைத்துப் புனைவு செய்திருக்கிறார், அது அவரது கருத்துரிமை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையில் வேடிக்கை என்னவென்றால், உண்மை வெளியான பிறகும் அவருடைய ஆல்பங்கள் நன்றாகவே விற்றன. 'நிஜம்' என்பதை ரசிகர்கள் அவ்வளவு நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

எதிர்ப் பக்கமும் உண்டு. என்.டபிள்யூ.ஏ.வின் டாக்டர் ட்ரே 1991இல் ஒரு பெண் தொலைக்காட்சித் தொகுப்பாளரை விருந்து ஒன்றில் வைத்து அடித்தார். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. பல வருடம் கழித்து, 2015இல், தான் காயப்படுத்திய பெண்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இது பாட்டு அல்ல, செயல். பாத்திரக் குரல் என்ற வாதம் செயலுக்குக் குடை பிடிக்காது. ராப் விவாதங்களில் இந்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுவார்கள்.

இதுவரை பார்த்தது: பாட்டில் பேசும் ஆள் பாடகராகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் ராப் அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே அழித்து வைக்கிறது. பாட்டில் செய்ததும் நிஜத்தில் செய்ததும் வெவ்வேறு.

கேள்வி ஒன்று: பாட்டு காரணமா?

1992 ஏப்ரல். டெக்சாஸில் ஒரு நெடுஞ்சாலைக் காவலர் ஒரு காரை நிறுத்துகிறார். காரின் முன்விளக்கு ஒன்று எரியவில்லை, அதனால்தான். கார் திருட்டுக் கார். ஓட்டி வந்த இளைஞன் காவலரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். காருக்குள் ஓடிக்கொண்டிருந்தது ராப் பாடகர் டூபாக் ஷகூரின் முதல் ஆல்பம். போலீஸைச் சுடுவது பற்றிய வரிகள் அதில் இருந்தன.

அந்த இளைஞனின் வழக்கறிஞர், இந்த இசைதான் அவன் மனதைத் தயார்ப்படுத்தியது என்று வாதாடித் தண்டனையைக் குறைக்கப் பார்த்தார். ஜூரி ஏற்கவில்லை, மரண தண்டனை கிடைத்தது. அப்போதைய துணை அதிபர் டான் குவேல், இந்த ஆல்பத்துக்கு நம் சமூகத்தில் இடமில்லை என்றார். கொல்லப்பட்டவரின் குடும்பம் டூபாக் மீதும் அவருடைய இசை நிறுவனங்கள் மீதும் நஷ்டஈடு வழக்குப் போட்டது.

பாட்டு ஓடியது, சுட்டான். அதனால் பாட்டு சுட வைத்ததா? இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பது உடன் நிகழ்தல். ஒன்று இல்லாவிட்டால் மற்றது நடந்திருக்காது என்று காட்ட முடிந்தால்தான் அது காரணம். அந்த ஆல்பம் நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. அத்தனை பேரும் அதே வரிகளைக் கேட்டார்கள். மற்றவர்கள் யாரிடமும் இல்லாதது இவனிடம் என்ன இருந்தது என்று பார்த்தால், விடை காரிலேயே இருக்கிறது: அது திருட்டு வண்டி, பிடிபட்டால் சிறை. 1997இல் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதியும் இதைத்தான் சொன்னார். கும்பலில் இருந்த ஒருவன், திருடிய காரோடு மாட்டிக்கொள்ளப் பயந்து சுட்டான் என்பதே அதிகம் பொருந்தும் விளக்கம் என்பது அவர் கருத்து.

அதே ஆல்பத்தில்தான், பன்னிரண்டு வயதில் குழந்தை பெற்றுத் தெருவுக்கு வந்துவிடும் ஒரு சிறுமியின் கதையும் பாட்டாக இருக்கிறது. பத்திரிகைச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு டூபாக் எழுதியது. கோபமும் இரக்கமும் ஒரே ஆல்பத்தில். அந்தப் பாட்டைக் கேட்டு யாரும் அனாதைச் சிறுமிகளுக்கு விடுதி கட்டினார்களா என்று எந்த வழக்கறிஞரும் கேட்கவில்லை. கெட்ட வரிக்கு மட்டும் மந்திர சக்தி உண்டு, நல்ல வரிக்கு இல்லை என்று வைத்துக்கொள்வது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

அதற்காகப் பாட்டு மனதை ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2003இல் உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் குழுவினர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து பரிசோதனைகள் செய்தார்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களிடம், கேட்ட கொஞ்ச நேரத்தில், ஆக்ரோஷமான எண்ணங்களும் பகை உணர்ச்சியும் கூடியிருந்தன. இது முக்கியமான முடிவு. ஆனால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளந்தது எண்ணத்தையும் உணர்ச்சியையும்தான். யாராவது யாரையாவது அடித்தார்களா என்பதை அல்ல. விளைவு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தனிக் கேள்வி. இன்னொன்று, அந்தப் பரிசோதனைகளில் போட்ட பாட்டுகள் பெரும்பாலும் ராக் இசை!

நாடு முழுவதுக்குமான கணக்கைப் பார்த்தால் படம் இன்னும் சிக்கலாகிறது. அமெரிக்காவில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 என்று இருந்த கொலை விகிதம் 2000இல் 5.5 ஆனது. கேங்ஸ்டா ராப் தெருவோரத்திலிருந்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போன அதே பத்தாண்டுகள் இவை. ராப்பால்தான் கொலை குறைந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை மறுபக்க வாதத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

சுருக்கமாக: வரிகள் மனநிலையைக் கொஞ்ச நேரத்துக்காவது மாற்றும். குறிப்பிட்ட ஒரு குற்றத்துக்குக் குறிப்பிட்ட ஒரு பாட்டுதான் காரணம் என்று காட்டுவது அதைவிட மிக மிகக் கடினம்.

கேள்வி இரண்டு: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது. ஆனால் எல்லையில்லாமல் அல்ல. 1969இல் உச்ச நீதிமன்றம் ஓஹியோ மாநில வழக்கு ஒன்றில் கோட்டைக் கறாராக வரைந்தது. ஒரு பேச்சு உடனடியாகச் சட்டவிரோதச் செயலைக் கிளப்பும் நோக்கத்தோடு சொல்லப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கிளம்பிவிட வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மட்டுமே அது தண்டிக்கத்தக்க தூண்டுதல். அந்த வழக்கில் தப்பித்தவர் கறுப்பின வெறுப்பையே கொள்கையாகக் கொண்ட கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பின் தலைவர் ஒருவர். கறுப்பின ராப் பாடகர்களைப் பின்னாளில் காத்தது, அவர்களை வெறுத்த ஒருவருக்காக எழுதப்பட்ட தீர்ப்பு. சட்டத்தின் போக்கு சில சமயம் இப்படித்தான்.

ஸ்டுடியோவில் பதிவாகி, கேசட்டாகி, மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் காரில் ஓடும் பாட்டில் 'உடனடி' எங்கே இருக்கிறது? டெக்சாஸ் வழக்கில் குடும்பம் தோற்றது இந்த இடத்திலும்தான். அந்த நீதிபதிக்கு ஆல்பம் பிடித்திருந்தது என்று நினைக்காதீர்கள். அருவருப்பானது என்றும், இது இவ்வளவு விற்றிருப்பது சமூகத்தின் சீரழிவைக் காட்டுகிறது என்றும், யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்றும் தீர்ப்பிலேயே எழுதினார். எழுதிவிட்டு, டூபாக்கின் பேச்சுரிமையைப் பறிக்க இந்த ஆதாரம் போதாது என்று முடித்தார். தீர்ப்பு வந்தபோது டூபாக் உயிரோடு இல்லை. 1996 செப்டம்பரில் லாஸ் வேகஸில் அவரையும் சுட்டிருந்தார்கள்.

ஆபாசம் என்ற வழியிலும் ஒரு முறை முயன்றார்கள். புளோரிடாவின் 2 லைவ் க்ரூ குழுவின் ஆல்பம் ஆபாசமானது என்று 1990இல் ஒரு நீதிபதி அறிவித்தார். அதை விற்ற கடைக்காரர் கைதானார். 1992இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இதற்கிடையே ஆல்பத்துக்கு இலவச விளம்பரம் கிடைத்ததுதான் மிச்சம்.

அப்படியானால் பாடகர் என்பவர் சட்டத்தின் கைக்கு எப்போதுமே எட்டாதவரா? இல்லை. கோடு எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டுவது ராப்பும் இல்லாத, அமெரிக்காவும் இல்லாத ஒரு வழக்கு. ருவாண்டாவின் புகழ்பெற்ற பாடகர் சைமன் பிகிண்டி. 1994 இனப்படுகொலையின்போது வெறுப்பைப் பரப்பிய வானொலியில் அவருடைய பாட்டுகள் திரும்பத் திரும்ப ஒலித்தன. தான்சானியாவின் அருஷா நகரில் இருந்த சர்வதேசத் தீர்ப்பாயம் அவரை விசாரித்தது. பாட்டுகள் இனவெறுப்புப் பிரசாரத்துக்குப் பயன்பட்டதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் படுகொலையைத் தூண்டும் நோக்கத்தோடுதான் அவர் அவற்றை இயற்றினார் என்பதோ, 1994இல் அவற்றை ஒலிபரப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதோ நிரூபணமாகவில்லை. 2008இல் அவருக்கு 15 ஆண்டுச் சிறை கிடைத்தது வேறொன்றுக்காக. 1994 ஜூன் மாத இறுதியில், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய்க்கொண்டு, அந்தப் படுகொலைக்கு இலக்கான டுட்ஸி இன மக்களைக் கொல்லச் சொல்லிப் பேசினார். போகும்போது கொல்லச் சொன்னார்; திரும்பி வரும்போது, கொன்றீர்களா என்று விசாரித்தார்.

பாட்டு தப்பியது, ஒலிபெருக்கி தப்பவில்லை. இரண்டிலும் ஒரே மனிதர், ஒரே குரல். வேறுபாடு என்ன? இன்னார், இப்போதே, இங்கேயே என்று சுட்டிக்காட்டும் நேரடித்தன்மை. சட்டம் தேடுவது அதைத்தான்.

பாட்டே சாட்சிக் கூண்டில் ஏறினால்

பாடியதற்காகத் தண்டிக்க முடியவில்லை என்றதும் வேறொரு கதவு திறந்தது. பொதுவில் அதிகம் பேசப்படாத, எனக்கு இந்த விவகாரத்திலேயே அதிகக் கவலை தரும் பகுதி இது.

நியூ ஜெர்சியில் 2005இல் ஒரு துப்பாக்கிச் சூடு. பிடிபட்டவர் ஓட்டி வந்த காரின் பின்சீட்டில் அவர் எழுதிய ராப் வரிகள் நோட்டு நோட்டாகக் கிடைத்தன. வழக்கு விசாரணையில் அந்த வரிகளை ஜூரியின் முன் வாசித்தார்கள், பதிமூன்று பக்கம். அவற்றில் பல, சம்பவத்துக்கு வருடங்கள் முன்னே எழுதியவை. சுடப்பட்டவரின் பெயரோ சம்பவத்தின் விவரமோ எதிலும் இல்லை. கொலை முயற்சி வழக்கில் அவருக்கு முப்பது ஆண்டு கிடைத்தது.

2014இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது தவறு என்றது. ஷெரிஃபைச் சுட்டேன் என்று பாடிய பாப் மார்லி நிஜமாகவே சுட்டார் என்றோ, தரைப் பலகைக்குக் கீழே பிணத்தைப் புதைத்த கதையை எழுதிய எட்கர் ஆலன் போ நிஜமாகவே புதைத்தார் என்றோ யாரும் நினைப்பதில்லையே என்று கேட்டது. குற்றத்தோடு நேரடித் தொடர்பு இருந்தால் மட்டுமே வரிகளை ஆதாரமாகக் காட்டலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நடந்ததை நிரூபிக்காமல், குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வெறுப்பை மட்டும் கிளப்பும் ஆதாரத்தை பாரபட்சம் விளைவிக்கும் ஆதாரம் என்பார்கள். பதிமூன்று பக்கம் செய்த வேலை அதுதான்.

ராப் என்றதும் மனம் ஏன் இப்படித் திரும்புகிறது? 1996இல் உளவியலாளர் கேரி ஃப்ரைட் எளிமையான ஒரு சோதனை செய்தார். போலீஸ்காரரைச் சுடுவது பற்றிய வரிகளை எடுத்துப் பலரிடம் காட்டினார். சிலரிடம் இது ராப் பாட்டு என்றார், சிலரிடம் கன்ட்ரி பாட்டு, அதாவது வெள்ளையர் கிராமிய மரபில் வந்த இசை என்றார். வரிகள் ஒன்றேதான். ராப் என்று நம்பியவர்களுக்கு அது அதிக ஆபத்தாகவும் ஆட்சேபமாகவும் தெரிந்தது. அந்த வரிகள் உண்மையில் எங்கிருந்து வந்தவை? 1960இல் ஒரு வெள்ளையர் நாட்டுப்புறக் குழு பாடிய பாட்டிலிருந்து! 2016இல் கலிபோர்னியாவில் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ராப் என்ற முத்திரைக்கு அதே விளைவு வந்தது.

ஆக, 'எதிர்மறைச் செய்தி' என்று நாம் நினைப்பதில் எவ்வளவு வரியில் இருக்கிறது, எவ்வளவு பாடுகிறவர் யார் என்ற நம் எண்ணத்தில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

கலிபோர்னியா 2022இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கலைப் படைப்பை ஆதாரமாக ஏற்பதற்கு முன், அது ஜூரியிடம் பாரபட்சத்தைக் கிளப்புமா என்று நீதிபதி எடைபோட்டாக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் கதை வேறு. அதே 2022இல் பாடகர் யங் தக் மீது கும்பல் குற்ற வழக்குப் பாய்ந்தது. அவருடைய வரிகள் சிலவற்றை ஆதாரமாக வைக்க நீதிபதி அனுமதித்தார். இழுத்துக்கொண்டே போன வழக்கில் 2024 அக்டோபர் இறுதியில் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் அவர் வீடு திரும்பினார்.

இந்தப் பகுதியின் சாரம்: பாட்டுக்காகத் தண்டிக்கும் வாசல் மிகக் குறுகல். பாட்டை வேறொரு குற்றத்துக்குச் சாட்சியாக்கும் வாசல் பல மாநிலங்களில் இன்னும் அகலமாகவே இருக்கிறது.

கேள்வி மூன்று: சட்டம் விட்டுவிட்டால் போதுமா?

போதாது. 'தண்டிக்க முடியாது' என்பதும் 'கேட்கவே கூடாது' என்பதும் ஒன்றல்ல. பேச்சுரிமை அரசாங்கத்தின் கையைக் கட்டுகிறது. ரசிகரின் வாயைக் கட்டவில்லை. இந்தக் கேள்வியை முதலில், கடுமையாகக் கேட்டவர்கள் ஹிப்ஹாப்பின் உள்ளேயே இருந்தவர்கள்.

பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் குழு 1987இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டையில் அதன் உறுப்பினர்கள் கே.ஆர்.எஸ்-ஒன்னும் ஸ்காட் லா ராக்கும் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பிராங்ஸில் ஒரு தகராறைச் சமாதானம் செய்யப் போன இடத்தில் ஸ்காட் லா ராக் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கே.ஆர்.எஸ்-ஒன் 'வன்முறையை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1989இல் நியூயார்க் ராப் பாடகர்கள் பலர் சேர்ந்து பாடிய அதன் பாட்டின் வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற அமைப்புக்குப் போனது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பாடகர்களும் கும்பல் சண்டைக்கு எதிராக ஒன்றுசேர்ந்து பாடினார்கள். அதில் எஃப்.பி.ஐ. கடிதம் வாங்கிய என்.டபிள்யூ.ஏ.வும் இருந்தது. எங்கள் பாட்டுக்கு எந்த விளைவும் இல்லை என்று நிஜமாகவே நம்பியிருந்தால் இதற்கெல்லாம் தேவையே வந்திருக்காது.

2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் நடந்தது இன்னும் சங்கடமானது. கறுப்பினப் பெண்கள் படிக்கும் பழமையான கல்லூரி அது. பாடகர் நெல்லியின் அறக்கட்டளை அங்கே எலும்பு மஜ்ஜை தானத்துக்குப் பதிவு முகாம் நடத்த வந்தது. அவருடைய சகோதரிக்கு ரத்தப் புற்றுநோய். பொருந்தும் கொடையாளர் தேவை. அதே சமயத்தில் அவருடைய வீடியோ ஒன்றில், ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்க்கும் காட்சி வந்திருந்தது. மாணவிகள் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வீடியோவைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள். அறக்கட்டளை முகாமையே ரத்து செய்துவிட்டது. சகோதரி அடுத்த ஆண்டு இறந்தார்.

இதில் நெல்லியின் வலியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் என் பார்வையில் மாணவிகள் கேட்டது அளவான, சரியான கேள்வி. அவர்கள் தடையைக் கேட்கவில்லை, வழக்கைக் கேட்கவில்லை. பதிலைக் கேட்டார்கள். தன் பாட்டில் யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர்களே எதிரில் வந்து நிற்கும்போது, பாத்திரக் குரல் என்று சொல்லி எழுந்து போக முடியாது. துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றுவது வேறு யாரிடமும் அல்ல, திரௌபதியிடம்.

ரிக் ராஸும் 2013இல் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு பெண்ணின் மதுவில் அவளுக்குத் தெரியாமல் போதை மருந்தைக் கலந்து வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஒரு பாட்டில் பாடினார். பெண்கள் அமைப்புகள் கொதித்தன. முதலில் அது வல்லுறவு என்று நான் சொல்லவில்லையே என்று சமாளித்தார். ரீபாக் காலணி நிறுவனம் அவரோடு இருந்த விளம்பர ஒப்பந்தத்தை முறித்துக்கொண்ட பிறகு முறையான மன்னிப்பு வந்தது. கடத்தல்காரன் வேடம் பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இந்த வரியை மட்டும் யாரும் வேடம் என்று விடவில்லை. ஏன்? கடத்தல் சாம்ராஜ்யக் கதையில் ஒரு கற்பனை உலகம் இருக்கிறது, வீழ்ச்சியும் பயமும் இருக்கின்றன. இந்த வரியில் கதையே இல்லை; ஒரு குற்றத்தைச் சாதாரண விஷயம் போலக் கடந்து போகும் ஜம்பம் மட்டும் இருக்கிறது. வன்முறையைப் பாடுவதற்கும் வன்முறையைச் சகஜமாக்குவதற்கும் நடுவில் நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான். எல்லாப் பாட்டிலும் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கூண்டில் இன்னும் யார் நிற்க வேண்டும்

பாடகர் மட்டும் தனியாக நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1991 மே மாதத்தில் பில்போர்டு பத்திரிகை, கடைக்காரர்களிடம் கேட்டுப் பட்டியல் போடும் பழைய முறையை விட்டுவிட்டு, கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியையும் கணினியில் எண்ணும் முறைக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.வின் இரண்டாவது ஆல்பம் முதலிடத்தில் உட்கார்ந்தது. புறநகர்க் கடைகளில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் இதை எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இசை நிறுவனங்களுக்குப் புரிந்தது அப்போதுதான். அதன் பிறகு எந்த வகைப் பாட்டுக்குப் பணம் போடுவது, எதை அலமாரியில் தூங்க விடுவது என்பது தெருவில் முடிவான விஷயம் அல்ல.

இதைச் சரியாகப் பிடித்தவர் சி. டெலோரஸ் டக்கர். மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த பழைய உரிமைப் போராளி. பாடகர்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்காமல், ராப் இசையில் லாபம் பார்த்த டைம் வார்னர் என்ற பெரிய ஊடக நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, 1995இல் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் பாட்டுகளில் வரும் லாபம் உங்களுக்கு உறுத்தவில்லையா என்று நிர்வாகிகளைக் கேட்டார். அழுத்தம் ஏறியது. அந்த ஆண்டே டைம் வார்னர், இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை அதன் நிறுவனர்களிடமே 11.5 கோடி டாலருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டது. 1996 தொடக்கத்தில் எம்.சி.ஏ. நிறுவனம் அதே பாதிப் பங்கை 20 கோடி டாலருக்கு வாங்கியது. அதே மாதங்களில் டூபாக்கின் புதிய இரட்டை ஆல்பம் இன்டர்ஸ்கோப் வழியாகவே கடைகளுக்கு வந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.